புளி இருக்க ஆசிட் எதற்கு?

உங்கள் வீட்டு பாத்ரூம் மூலையையும் சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியையும் ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்களேன். கறுப்பு பினாயில், வாசனை பினாயில், டாய்லெட்டுக்கு ஆசிட், டைல்ஸுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, அடைப்பு எடுக்க ஒரு பவுடர், போதாக்குறைக்கு பிளீச்சிங் பவுடர்... எண்ணிப் பார்த்தால் எட்டு, பத்து அயிட்டங்கள் தேறும். மாத பட்ஜெட்டில் இதற்கே ஒரு தொகை தனியாகப் போய்க்கொண்டிருக்கும்!

‘சுத்தம் சோறு போடும்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சரிதான். ஆனால் அந்தச் சுத்தம் சோற்றோடு சேர்த்து மூச்சிரைப்பையும், உள்ளங்கை வெடிப்பையும் பரிமாறினால்?

நார்வே நாட்டு பெர்கன் பல்கலைக்கழகத்தினர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 20 வருஷம் தொடர்ந்து கவனித்து 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டிலோ, வேலைக்காகவோ தொடர்ந்து சுத்தம் செய்துவந்த பெண்களுக்கு நுரையீரலின் திறன், மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. கெமிக்கல்கள் மூச்சுக்குழாயின் உள்சவ்வை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உறுத்துவதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. ஒரு நாளில் தெரியாது, ஒரு வருஷத்திலும் தெரியாது. மாடிப்படி ஏறும்போது என்றைக்காவது தெரியும்!

அதற்காக வீட்டைக் கூட்டாமல் கிடக்கட்டும் என்று விடமுடியுமா? முடியாது. வழி இருக்கிறது. அதுவும் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது.

ஆறு சொல்லும் கதை

2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. கூட்டுறவு சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் கரும்பு. அதே மாவட்டத்தில் மேற்கே போனால் கல்வராயன் மலை. புளி, கடுக்காய், தேன் எல்லாம் அங்கிருந்து இறங்கி வரும். வெல்லம் ஒரு பக்கம், புளி ஒரு பக்கம், நடுவில் ஆறு. வீட்டைச் சுத்தம் செய்யத் தேவையான சமாசாரம் பாதி இந்த மூன்றிலேயே அடங்கிவிடுகிறது என்றால் நம்புவீர்களா?

முதலில் ஆற்றைப் பார்த்துவிடுவோம். கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் ஓரமாக வந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை மூன்றையும் கடந்து மூங்கில்துறைப்பட்டுக்கு வருகிறது. பிறகு திருக்கோவிலூர் வழியாகப் போய்க் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி நிற்கும் படத்தைப் பத்திரிகையில் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஆலைக் கழிவோடு நகரத்துச் சாக்கடையும் சேர்ந்த நுரை அது. வீட்டுக்கு வீடு துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து, தரை கழுவி விட்ட டிடர்ஜென்ட்டுக்கும் அதில் பங்குண்டு.

நம் வீட்டுச் சாக்கடையும் எங்கேயோ ஓர் ஏரிக்கோ, ஆற்றுக்கோதான் போகிறது. ‘வெளியே கொட்டியாச்சு’ என்று நாம் நினைக்கிற இடம், கீழே இருக்கும் ஊர்க்காரருக்குக் குடிநீர். நமக்கு மேலே இருப்பவர் கொட்டுவது நமக்கு!

அழுக்கு வேறு, கிருமி வேறு

இதை மட்டும் மனசில் பதித்துக்கொண்டால் போதும், பாதி பாட்டில் குறைந்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு, உப்புக்கறை, தூசி, பித்தளைக் கறுப்பு இதெல்லாம் அழுக்கு. இவற்றைப் போக்க நம் பாட்டி காலத்துப் பொருள்களே தாராளம். தினப்படி வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த வகைதான். வாந்தி, பேதி, வெள்ளத்தண்ணீர், சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டால் அது கிருமி விவகாரம். அங்கே எலுமிச்சம்பழத்தை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. நாம் செய்கிற தப்பு என்னவென்றால், கிருமிக்கான மருந்தைத் தினமும் அழுக்குக்குக் கொட்டுகிறோம்.

சரி, எந்த அழுக்குக்கு எது?

எண்ணெய்ப் பிசுக்கா? சீயக்காய், பூந்திக்கொட்டை, சாம்பல்!

எண்ணெய்த் தலைக்கு சீயக்காயும் அரப்பும் தேய்க்கிறோம் அல்லவா? தலையில் இருக்கும் எண்ணெயைப் போக்குவது பாத்திரத்து எண்ணெயைப் போக்காதா என்ன! இவற்றிலும் பூந்திக்கொட்டையிலும் ‘சபோனின்’ என்ற பொருள் இருக்கிறது. தண்ணீரோடு சேர்ந்தால் நுரைக்கும். எண்ணெயைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். சோப்பு செய்கிற வேலையேதான்.

*பூந்திக்கொட்டைக் கரைசல்:* 10, 12 கொட்டைகளை உடைத்து உள்ளே இருக்கும் விதையை எறிந்துவிடுங்கள். தோலை அரை லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டினால் கரைசல் ரெடி. தரை துடைக்க, பட்டுச்சேலை அலச, நகை கழுவ எல்லாவற்றுக்கும் ஆகும். வெளியே வைத்தால் ஓரிரு நாளில் புளித்துவிடும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், ஜாக்கிரதை. சமையல் டப்பாக்களோடு வைக்காமல், பெயர் எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள்.

விறகடுப்பு இருக்கிற வீடா? சாம்பலைச் சலித்து வையுங்கள். அதில் இருக்கும் காரம் எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். தேங்காய் நாரோ, பீர்க்கங்காய்க் கூடோ தொட்டுத் தேய்த்தால் எவர்சில்வர் பளிச்! ஆனால் பிளாஸ்டிக் எரித்த சாம்பல் கூடவே கூடாது. அலுமினியப் பாத்திரத்துக்கும் சாம்பல், சமையல் சோடா இரண்டும் வேண்டாம், கறுத்துப்போகும். நான்-ஸ்டிக் தவாவின் பக்கமே போகாதீர்கள்.

அடுப்பு மேடையில் எண்ணெய் கொட்டிவிட்டதா? உடனே தண்ணீர் ஊற்றாமல் கொஞ்சம் கடலை மாவோ, அரிசி மாவோ தூவுங்கள். எண்ணெயை உறிஞ்சியதும் வழித்துவிட்டு, வெந்நீர்த் துணியால் துடைத்தால் போதும்.

உப்புக்கறையா? கறுத்த பித்தளையா? புளிப்பைக் கூப்பிடுங்கள்!

போர் தண்ணீர் புழங்குகிற வீடுகளில் பக்கெட், குழாய், ஷவர் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அது சுண்ணாம்புச் சத்து. எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அசையாது. புளிப்பு பட்டால் கரைந்துவிடும். எலுமிச்சை மூடியால் தேய்த்து அரை மணி விடுங்கள். ஷவர் துளைகள் அடைத்துக்கொண்டால் ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை முங்கும்படி கட்டி, ராத்திரி முழுக்க விட்டால் காலையில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

குத்துவிளக்கு, பித்தளைக் குடம், செம்புச் சொம்பு கறுப்பதும் பச்சைக் களிம்பு பிடிப்பதும் செம்பு காற்றோடு சேர்வதால். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கிறது. கூடவே கல்லுப்பு சேர்த்துத் தேய்த்தால் வேலை சீக்கிரம் முடியும். சமையலுக்கு ஆகாத பழைய புளியே போதும். தேய்த்ததும் நன்றாகக் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுபடி களிம்பு. ஈயம் பூசிய பாத்திரத்தின் உள்பக்கத்தை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

வெள்ளிக்கு விபூதி! இல்லையென்றால் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு, கொதிநீர் ஊற்றி அதில் வெள்ளிச் சாமான்களைப் போடுங்கள். தாளைத் தொட்டபடி இருக்க வேண்டும். தேய்க்காமலேயே கறுப்பு மறையும். கல் பதித்த நகைகளை மட்டும் இப்படிப் போடாதீர்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சமையல் மேடையில் கடப்பாக்கல் போட்டிருக்கிறீர்களா? மார்பிள், மொசைக் தரையா? அங்கெல்லாம் எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் படக்கூடாது. கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்புக்கல் குடும்பம். பக்கெட்டின் உப்புக்கறையைக் கரைக்கிற புளிப்பு, கல்லையும்தானே கரைக்கும்? மினுமினுப்பு போய் சொரசொரவென்று ஆகிவிடும்.

டாய்லெட்டுக்கு என்ன செய்வது?

‘எல்லாம் சரி, டாய்லெட்டுக்கு ஆசிட் ஊற்றாமல் முடியுமா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முடியும்!

மஞ்சள் கறை பெரும்பாலும் உப்புத் தண்ணீர்க் கறைதான். கடையில் ‘எலுமிச்சை உப்பு’ என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கொடுப்பார்கள். இரண்டு மூன்று டேபிள்ஸ்பூனை வெந்நீரில் கரைத்து, படுக்கப்போகும் முன் ஊற்றிவிட்டுக் காலையில் பிரஷ்ஷால் தேயுங்கள். பல வருஷக் கறை என்றால் நாலைந்து ராத்திரி தொடர வேண்டும். அதன்பின் தினம் ஒரு தடவை வெறும் பிரஷ் போட்டாலே கறை தங்காது.

இதில் இன்னொரு லாபம். வீட்டில் செப்டிக் டேங்க் இருந்தால், அதில் கழிவை மக்கவைப்பதே பாக்டீரியாக்கள்தான். பாட்டில் பாட்டிலாக ஆசிட்டும் பினாயிலும் ஊற்றினால் அவை செத்துப்போய் டேங்க் சீக்கிரம் நிறையும்.

ஆசிட் வீச்சுக் கொடுமைகளால் 2013-ல் உச்ச நீதிமன்றமே கடைகளில் ஆசிட் விற்கக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. கட்டுப்பாடு போட வேண்டிய அளவுக்கு ஆபத்தான பொருளை, குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் ஏன் வைத்திருக்க வேண்டும், சொல்லுங்கள்!

வெல்லம் போட்டு வீட்டிலேயே ஒரு கிளீனர்

இப்போது பரவலாகப் பேசப்படும் ‘பயோ என்சைம்’ இதுதான். தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் என்ற பெண்மணி பரப்பிய முறை. கரும்புச் சீமையில் வெல்லத்துக்கா பஞ்சம்?

வெல்லம் 1 பங்கு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடித் தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. 100 கிராம் வெல்லம் என்றால் 300 கிராம் தோல், 1 லிட்டர் தண்ணீர். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கேனில் போட்டு, மேலே நிறைய இடம் விட்டு மூடுங்கள். புளிக்கும்போது வாயு கிளம்பும், அதனால் கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடித்துவிடும். முதல் மாதம் தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றுங்கள். மூடியில் தேதி எழுதி ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து வடிகட்டினால் புளிப்பு வாசனையோடு பழுப்புத் தண்ணீர் கிடைக்கும். ஒரு பங்குக்குப் பத்து, இருபது பங்கு தண்ணீர் சேர்த்துத் தரை துடைக்கலாம். சிங்க், டைல்ஸ் தேய்க்க அப்படியே ஊற்றலாம். மேலே வெள்ளை ஆடை கட்டினால் பயமில்லை. கறுப்புப் பூசணமும் அழுகல் வாடையும் வந்தால் கொட்டிவிடுங்கள்.

இது காற்றைச் சுத்தமாக்கும், ஓசோனை உண்டாக்கும் என்றெல்லாம் சொல்லிக் கேட்டால் நம்பிவிடாதீர்கள். வெல்லம் புளித்து வினிகராகிற சங்கதிதான் இது. அதே காரணத்தால் கடப்பா, மார்பிளுக்கு இதுவும் ஆகாது. நல்ல கிளீனர். கிருமிநாசினி அல்ல.

கிருமி வந்தால்?

பாட்டி காலத்திலும் கிருமிக்கு வழி இருந்தது. வெயில், கொதிநீர், சுண்ணாம்பு என்று மூன்று. பாய், தலையணையை மாதம் ஒருமுறை உச்சி வெயிலில் போடுவது, கைக்குழந்தையின் துணியைக் கொதிக்க வைப்பது, பொங்கலுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் இதில் சேர்த்திதான். சுண்ணாம்பின் கடுமையான காரத்தில் பூஞ்சையும் கிருமியும் பிழைப்பது கஷ்டம். (அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.)

ஆனால் இந்த மூன்றும் போதாத சமயம் வரும். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரை முழுக்க வெள்ளம். வீட்டுக்குள் வருகிற அப்படிப்பட்ட தண்ணீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கால் புண் வழியாகவே நுழைந்துவிடும். அப்போது இயற்கை, செயற்கை என்று பார்க்காமல் பிளீச்சிங் பவுடரை எடுங்கள்.

வரிசை முக்கியம். பூட்ஸும் கையுறையும் மாட்டிக்கொண்டு முதலில் சேற்றை வாரி வெளியேற்றுங்கள். அடுத்து சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கடைசியில்தான் பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேலேயே தூவினால் அதன் சக்தியைச் சேறே தின்றுவிடும். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வீதம் கலக்கி, தெளிந்த நீரை ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கதவு, ஜன்னல் திறந்தே இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி என்றாலும் பாத்ரூமுக்கு இதே முறைதான்.

சாணம் மெழுகுவது பற்றியும் ஒரு வார்த்தை. வாசலோடு இருக்கட்டும். பச்சைக்குழந்தை இருக்கிற அறைக்குள் வேண்டாம். சாணத்தில் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும். தொப்புள் காயாத குழந்தைக்கு அது உயிருக்கே உலை.

இதையெல்லாம் செய்யவே செய்யாதீர்கள்!

• பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்காதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப்போரில், 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் எதிரிகளைக் கொல்லத் திறந்துவிட்ட அதே வாயு. எலுமிச்சை, வினிகரோடு சேர்ந்தாலும் குளோரின்தான். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடும் சேர்க்கக் கூடாது. தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

• சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பாட்டிலில் சேமிக்காதீர்கள். பொங்குவதைப் பார்க்க ஜோராக இருக்கும். பொங்கி முடிந்தால் ஒன்றையொன்று சமன் செய்து, மிச்சம் வெறும் உப்புத் தண்ணீர்!

• பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம். இறங்கும்போது புண்ணாக்கியது ஏறும்போதும் புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளும் போய்விடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கண்ணிலோ, தோலிலோ பட்டால் கால் மணி நேரமாவது குழாய்த் தண்ணீரில் கழுவியபடியே இருங்கள்.

• பீரோவில் பாச்சா உருண்டை போட்டுவைத்த துணியைக் கைக்குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். ‘ஜி6பிடி’ என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு, அதன் ஆவியே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். பதிலுக்குத் துணியை வெயிலில் காயப்போட்டு, நிழலில் உலர்த்திய வேப்பிலையோ, வசம்போ மூட்டை கட்டி வையுங்கள்.

• ‘இயற்கைதானே’ என்று அசட்டையாக இருக்காதீர்கள். கற்பூரத்தையும் நீலகிரித் தைலத்தையும் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். கரப்பான்பூச்சிக்கு வைக்கும் போரிக் பவுடரும் விஷம்தான். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் வேப்பிலைப் புகையும் புகைதான்.

முதல் வாரத்தில் இதைச் செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போட வேண்டாம். கையிருப்பைத் தீர்த்துவிட்டு, திரும்ப வாங்குவதை மட்டும் நிறுத்துங்கள். முதல் வாரம் தரை துடைக்க வெறும் தண்ணீரும் நல்ல துணியும் போதுமா என்று பாருங்கள். சாதாரண நாட்களில் போதும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்து பித்தளைக்குப் புளி, பக்கெட்டுக்கு எலுமிச்சை, பாத்திரத்துக்குச் சீயக்காய் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆசிட் பாட்டிலுக்குக் கடைசியாக விடை கொடுக்கலாம். வேலைக்கு வரும் அம்மாவிடமும் மறக்காமல் சொல்லுங்கள். நாலு வீட்டுக் கெமிக்கலில் கைவைத்து மூச்சிழுப்பது அவர்தானே!

அலமாரியில் கடைசியில் மிஞ்ச வேண்டியது ஒரே ஒரு டப்பா பிளீச்சிங் பவுடர். பூட்டி, உயரத்தில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். மற்றதெல்லாம் மளிகை லிஸ்ட்டிலேயே வந்துவிடும்!